மௌனத்தின் ஓசை: ஓர் இசைத்தட்டும் அதைத் திறனாய்ந்தோரும்

முன்னுரை

2004ஆம் ஆண்டில் அமெரிக்க இசை இதழ்கள் இரண்டு தத்தம் பட்டியல்களை வெளியிட்டன. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ், எக்காலத்திற்கும் சிறந்தவை எனத் தான் கருதிய 500 பாடல்களை வரிசைப்படுத்தியது. ‘பிளெண்டர்’ இதழோ மிக மோசமானவை எனத் தான் கருதிய 50 பாடல்களைத் தொகுத்தது. முன்னதில் 156ஆம் இடத்திலும் பின்னதில் 42ஆம் இடத்திலும் ஒரே பாடல் இடம்பெற்றிருந்தது. பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் என்னும் இருவர் பாடி, 1965ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தனி இசைத்தட்டாக வெளிவந்த ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ என்பதே அப்பாடல். ‘மௌனத்தின் ஓசை’ என அதன் தலைப்பை நாம் தமிழில் கூறலாம். முதலில் ‘ஓசைகள்’ எனப் பன்மையில் அச்சான தலைப்பு, பிற்காலத் தொகுப்புகளில் ஒருமையாக நிலைபெற்றது.

ஒரே பாடலை ஒரே ஆண்டில் ஒருவர் முடிசூட்ட, மற்றொருவர் குப்பையில் இடுவது எவ்வாறு? சுவை மனிதருக்கு மனிதர் மாறுபடும் என்று கூறி இவ்வினாவைக் கடந்துவிடுவது எளிது. ஆயினும் இப்பாடலைப் போற்றியோர், தூற்றியோர் ஆகிய இரு சாராரின் எழுத்துகளையும் ஒருசேர நோக்கும்போது, அவர்களிடையே வேற்றுமையைக் காட்டிலும் ஓர் ஒற்றுமையே நம் கண்ணில் படுகிறது. இரு சாராரும் பெரும்பாலும் பாடலின் சொற்களையே எடைபோட்டனர். அச்சொற்களோ முதலில் தோற்று, பின்னர் ஓர் எழுத்தும் மாறாமல் வென்றவை. தோல்விக்கும் வெற்றிக்கும் இடையில் மாறியது ஓசை மட்டுமே. அவ்வோசையைக் கணக்கில் கொள்ளாத திறனாய்வு எதனை மதிப்பிட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் துறைகளில் பாடல்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர்களுக்கும் இவ்வினா அந்நியமானதன்று.

பாடலின் பிறப்பும் முதல் தோல்வியும்

சைமனும் கார்ஃபங்கலும் 1941ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒன்றாக வளர்ந்தவர்கள். பதின்ம வயதில் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ என்னும் பெயரில் அவர்கள் பாடிய ‘ஹே ஸ்கூல்கேர்ள்’ என்னும் பாடல் 1957இல் வெளிவந்து, பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 49ஆம் இடம்வரை சென்றது. பின்னர் இருவரும் கல்லூரிப் படிப்பில் ஈடுபட்டனர். சைமன் ஆங்கில இலக்கியம் பயின்றார். இச்செய்தி பிற்காலத் திறனாய்வாளர் சிலருக்குப் பெரிதும் பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதி, நாட்டுப்புறப் பாடகர்களின் கூடமாக விளங்கியது. அங்கே மரக்கித்தாரும் தனிக்குரலும் நேர்மையின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. இச்சூழலில் சைமன் எழுதிய இப்பாடலை, கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் டாம் வில்சன் 1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒலிப்பதிவு செய்தார். இரண்டு குரல்கள், கித்தாரின் துணை என்ற அளவிலேயே அப்பதிவு அமைந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த ‘வெட்னஸ்டே மார்னிங், 3 ஏ.எம்.’ என்னும் தொகுப்பில் அது இடம்பெற்றது. அத்தொகுப்பு மூவாயிரம் படிகள் அளவிலேயே விற்றதாகக் கூறுவர். சைமன் இங்கிலாந்து சென்று அங்குள்ள சிறு மன்றங்களில் பாடி வந்தார். கார்ஃபங்கல் மீண்டும் பல்கலைக்கழகம் சென்றார். இருவர் கூட்டு அத்துடன் முடிந்ததாகவே கருதப்பட்டது.

கிரீனிச் வில்லேஜ் பாடகர்களிடையே இப்பாடல் பெற்ற வரவேற்பும் இரக்கத்திற்குரியது. அவ்வட்டாரத்தின் மூத்த பாடகரான டேவ் வான் ராங்கின் தன்வரலாற்று நூல் அவருடைய மறைவுக்குப் பின் 2005இல் வெளிவந்தது. இப்பாடல் தங்களிடையே ஒரு வேடிக்கைப் பொருளாகவே இருந்தது என்றும், எவரேனும் அதன் தொடக்க அடியை எடுத்தால் உடன் இருந்தோர் சிரித்துவிடுவர் என்றும் அந்நூல் கூறுகிறது. ஆக, இப்பாடலின் முதல் திறனாய்வு எழுத்தில் அமையவில்லை. சக கலைஞர்களின் சிரிப்பாக அமைந்தது. இருளை நண்பனாக விளித்துத் தொடங்கும் ஓர் இளைஞனின் பெருமிதத் துயரம் அவர்களுக்கு நகைப்பை ஊட்டியது என்பதை நாம் ஊகிக்க முடிகிறது.

பாடகர் அறியாத மாற்றம்

1965இல் அமெரிக்க இசையுலகில் ஒரு பெரும் பெயர்ச்சி நிகழ்ந்தது. பாப் டிலனின் ‘மிஸ்டர் டாம்பூரின் மேன்’ என்னும் பாடலை ‘தி பேர்ட்ஸ்’ குழுவினர் மின்கித்தார் ஒலியுடன் பாட, அது அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. அதே மாதத்தில் டிலன் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ என்னும் பாடலைப் பதிவு செய்தார்; அதன் தயாரிப்பாளரும் டாம் வில்சனே. ஜூலை 25ஆம் நாள் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டிலன் மின்கித்தாருடன் மேடையேறியபோது அவையில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. மின்னொலி சிலருக்குப் புதுமை. சிலருக்கு அது கொள்கைத் துரோகம்.

இக்காலத்திலேயே, விற்காமல் கிடந்த தொகுப்பிலிருந்து இப்பாடலைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப, கல்லூரி மாணவர்கள் அதனை விரும்பிக் கேட்கின்றனர் என்னும் செய்தி நிறுவனத்தை எட்டியது. வில்சன் 1964ஆம் ஆண்டின் பழைய பதிவை எடுத்தார். ஆல் கொர்கோனி, வின்னி பெல் ஆகியோரின் மின்கித்தார்களையும், பாப் புஷ்னெல்லின் பேஸ் கித்தாரையும், பாபி கிரெக்கின் டிரம்ஸையும் அதன்மேல் ஏற்றிப் பதிவு செய்தார். பாடியவர்களிடம் அவர் கலந்துபேசவில்லை. சைமன் ஐரோப்பாவில் இருந்தார். மாற்றப்பட்ட வடிவத்தை முதன்முதல் கேட்டபோது அவர் அதிர்ச்சியுற்றார் என்பது அவரோடு அக்காலத்தில் பழகியோர் கூற்று.

அவ்வடிவமே செப்டம்பரில் இசைத்தட்டாக வெளிவந்தது. 1966ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்குரிய பில்போர்டு பட்டியலில் அது முதலிடம் பெற்றது. அடுத்த இரு வாரங்கள் பீட்டில்ஸ் குழுவினரின் ‘வீ கேன் வொர்க் இட் அவுட்’ முதலிடத்தைப் பற்றிக்கொள்ள, ஜனவரி 22இல் இப்பாடல் அவ்விடத்தை மீட்டது. சைமன் அமெரிக்கா திரும்பினார். கலைந்த இணை மீண்டும் கூடியது. வெற்றியின் பெயராலேயே ‘சவுண்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்னும் புதிய தொகுப்பு அதே ஜனவரியில் வெளிவந்தது. பிரிட்டனிலோ இவ்விருவரின் தட்டு விற்பனைப் பட்டியலில் இடம்பெறவில்லை. அயர்லாந்தின் ‘தி பேச்சிலர்ஸ்’ என்னும் மூவர் குழு பாடிய வடிவமே 1966இல் அங்கே மூன்றாம் இடம்வரை சென்றது.

இவ்வரலாற்றை நாம் விரிவாக எடுத்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. சொல் ஒன்று, மெட்டு ஒன்று, குரல்களும் அவையே, ஒலிப்பதிவு செய்த அந்த ஒரு நாளின் மூச்சுகளும் அவையே. மேலேற்றிய கருவிகள் மட்டுமே புதியவை. ஒரு கலைப்படைப்பில் எப்பகுதி எதனைச் செய்கிறது என அறிய விரும்பும் திறனாய்வாளனுக்கு, ஆய்வுக்கூடத்தில் செய்ததுபோன்ற இத்தகைய சோதனை எளிதில் வாய்ப்பதில்லை.

போற்றியோரும் தூற்றியோரும்

வாய்த்த சோதனையைத் திறனாய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டனரா? 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு விவாதம் வலுப்பெற்றது. ராக் பாடல்கள் கவிதையா, அல்லவா என்பதே அது. சான் பிரான்சிஸ்கோவின் மூத்த இசைத் திறனாய்வாளர் ரால்ஃப் கிளீசன் போன்றோர், புதிய தலைமுறைப் பாடலாசிரியர்களைக் கவிஞர்களாகக் கண்டு வரவேற்றனர். ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழின் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன், ராக் பாடல்களின் சொற்களை மட்டும் தொகுத்து 1969இல் ஒரு நூலாக்கினார். பாடலைத் தாளில் அச்சிட்டுப் படிக்கலாம். அதற்கு அத்தகுதி உண்டு என்பதே இத்தகைய முயற்சிகளின் அடிப்படையாகும். சைமன் இவ்வகைப் பாராட்டுக்கு மிகப் பொருத்தமானவராகக் காணப்பட்டார்.

எதிர்த்தரப்பில் குறிப்பிடத்தக்கவர் ராபர்ட் கிறிஸ்ட்காவ். 1967ஆம் ஆண்டு டிசம்பரில் ‘சீட்டா’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, ராக் பாடல் கவிதையாதல் குறித்த ஐயத்தைத் தலைப்பிலேயே தாங்கியிருந்தது. சைமனின் சொற்கள் கவிதையின் தோற்றத்தை மட்டுமே கொண்டவை, நேர்த்தியாகச் செதுக்கிய போலிகள் என்பது அதன் சாரம். நவீன மனிதனின் அந்நியமாதல் என்பதைப் பாடப்புத்தகத் தலைப்பைப்போல் எடுத்துக்கொண்டு எழுதுபவர் சைமன் என அவர் எள்ளினார். இலக்கிய வகுப்பில் பயின்ற மாணவன், வகுப்பு பாராட்டும் வகையில் எழுதினான் என்னும் குறிப்பும் அதில் உண்டு. 2004இல் ‘பிளெண்டர்’ இப்பாடலை ஏளனம் செய்தபோதும், அறிவாளி எனக் காட்டிக்கொள்ளும் பாவனையே குற்றமாகக் கூறப்பட்டது. இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகளில் குற்றச்சாட்டு ஏறத்தாழ மாறவே இல்லை.

பாராட்டும் பழிப்பும் இங்கே ஒரே மேசையின் இரு புறங்களில் அமர்ந்துள்ளன. மேசைமீது இருப்பது அச்சிட்ட தாள். ஒருவர் அதனைக் கவிதை என்கிறார். மற்றவர் கவிதை அன்று என்கிறார். கிறிஸ்ட்காவ் இசையையும் கருதிப் பேசும் நுண்மை உடையவரே. பாடலைக் கவிதையாக்கிப் புகழும் போக்கையே அவர் கண்டித்தார். எனினும் இப்பாடலைப் பற்றிய பொது வழக்கில் எஞ்சியது, சொற்களின்மீதான அத்தீர்ப்பு மட்டுமே.

சொல்லைத் தனித்து நோக்கின்

நாமும் ஒருமுறை அத்தாளைக் கையில் எடுப்போம். பாடலில் ஐந்து சரணங்கள் உள்ளன; பல்லவி இல்லை. தனித்திருக்கும் ஒருவன் இருளிடம் பேசத் தொடங்குகிறான். தான் கண்ட கனவைக் கூறுகிறான். குளிர்ந்த நகரத் தெருவில் நடந்து செல்கையில் ஒரு விளம்பர விளக்கின் ஒளி கண்ணைத் தாக்குகிறது. அவ்வொளியில் பெருங்கூட்டம் ஒன்றைக் காண்கிறான். அவர்கள் வாய் அசைகிறது, பேச்சில்லை. செவி திறந்திருக்கிறது, கேட்பதில்லை. அவன் எச்சரிக்கிறான், எச்சரிக்கை வீணாகிறது. இறுதியில் மக்கள் தாம் செய்த ஒளிவிளக்குத் தெய்வத்தை வணங்க, உண்மையான தீர்க்க வாக்கோ ஏழையர் குடியிருப்புகளின் சுவர்களில் எழுதிக் கிடக்கிறது.

இச்சுருக்கத்திலேயே பாடலின் குறையும் நிறையும் புலப்படும். ஒருவன் மட்டும் விழித்திருக்க, ஊரார் அனைவரும் உறங்குகின்றனர் என்னும் பார்வை இளம்பருவத்தின் இயல்பான கர்வம். மூன்றாம், நான்காம் சரணங்களில் பேசுபவன் தன்னை ஆசானாக்கிக்கொள்கிறான். கேட்பவர்களை அறியாதவர்கள் என்கிறான். இவ்விடத்தில் கிறிஸ்ட்காவின் எள்ளலை நாம் முற்றிலும் மறுக்க இயலாது. கார்ஃபங்கல் இப்பாடலின் கருப்பொருளை, மனிதர் ஒருவரோடு ஒருவர் உணர்வு நிலையில் தொடர்புகொள்ள இயலாமை என்று விளக்கியுள்ளார். கருப்பொருளை இவ்வளவு எளிதில் ஒரு தொடரில் கூறிவிட முடிகிறது என்பதே, சொற்கள் அதனை வெளிப்படையாகச் சுமந்து நிற்கின்றன என்பதற்குச் சான்றாகும்.

நிறையும் உண்டு. ஒவ்வொரு சரணமும் மௌனம் என்னும் சொல்லில் முடிகிறது. அச்சொல்லின் பொருளோ ஒவ்வொரு முறையும் இடம்பெயர்கிறது. முதலில் அது தனியனின் அறைக்குள் உறையும் ஒன்று. பின்னர் ஊரார் கலைக்க அஞ்சும் ஒன்று. நான்காம் சரணத்தில் மட்டும் ஓசை என்னும் சொல் விலகி, மௌனம் கிணறாகிவிடுகிறது. மழைத்துளிபோல் விழும் சொற்கள் அக்கிணற்றில் எதிரொலித்து மடிகின்றன. ஒரே சொல்லை ஐந்து முறை வைத்து ஐந்து முறையும் சற்றே நகர்த்தும் இத்திறம், பயின்றவனின் திறம்தான். பயிற்சி குற்றமாகாது.

ஆகவே தாளில் நோக்கினால் இப்பாடல், குறையும் நிறையும் கலந்த ஓர் இளைஞனின் நல்ல முயற்சி. 156ஆம் இடத்திற்கும் அது உரியதன்று. 42ஆம் இடத்திற்கும் உரியதன்று. இரு தீர்ப்புகளின் வெப்பத்திற்கும் தாள் காரணமாக இயலாது என்பதே நாம் இங்குப் பெறும் முடிவு.

ஓசையோடு சேர்த்துக் கேட்கின்

இசைத்தட்டைக் கேட்கும்போது தாளில் இல்லாத மூன்று செய்திகள் நமக்குப் புலனாகின்றன.

முதலாவது, குரல்கள். பாடலில் பேசுபவன் ஒருவன்; பாடுபவர் இருவர். தொடக்கம் முதல் முடிவு வரை இருவரும் இணைந்தே பாடுகின்றனர். எச்சரணத்திலும் ஒருவர் தனித்து ஒலிப்பதில்லை. மனிதர் ஒருவரையொருவர் கேட்பதில்லை என்னும் செய்தியை, ஒருவரையொருவர் மிகக் கூர்ந்து கேட்டால் அன்றிப் பாட இயலாத இணைக்குரலில் அவர்கள் பாடுகின்றனர். சொல் மறுப்பதைக் குரல் செய்துகாட்டுகிறது. தனியனின் கர்வம் எனத் தாளில் தோன்றியது, இரு குரல்களில் ஒலிக்கையில் பெரிதும் தணிந்துவிடுகிறது. இவ்வியல்பு 1964ஆம் ஆண்டுப் பதிவிலேயே உண்டு.

இரண்டாவது, டிரம்ஸ் நுழையும் இடம். வில்சனின் வடிவத்தில் முதல் சரணம் கித்தார் ஒலியோடு மட்டும் செல்கிறது. இரண்டாம் சரணத்தில், பேசுபவன் அறையைவிட்டுக் கனவின் தெருவில் நடக்கத் தொடங்கும்போது டிரம்ஸும் பேஸ் கித்தாரும் சேர்கின்றன. அதுவரை உள்ளமாக இருந்த வெளி, அக்கணத்தில் நகரமாகிறது. விளம்பர விளக்கைப் பற்றிப் பாடும் பாடலுக்குள் அவ்விளக்கிற்கு உரிய மின்சாரமே வந்து சேர்கிறது. முன்னைய பதிவில் நகரம் சொல்லில் மட்டும் இருந்தது. பின்னையதில் அது கேட்பவனைச் சூழ்ந்துகொள்கிறது.

மூன்றாவது, பொருந்தாமை. பழைய பதிவு சீரான தாள அளவுக்குக் கட்டுப்பட்டுப் பாடியதன்று. குரல்களின் நடை ஆங்காங்கே விரைந்தும் தளர்ந்தும் செல்வது. அதன்மேல் தாளத்தை ஏற்றிய கலைஞர்கள் அந்நெகிழ்வைப் பின்தொடர வேண்டியவர்களாயினர். கூர்ந்து கேட்போர் இவ்விழுபறியை உணரலாம். பாடியோர் தாளக் கருவியைக் கேட்கவில்லை. தாளக் கருவியை இசைத்தோர் பாடியோரிடம் பேசவில்லை. கலந்து பேசாத இரு தரப்பினரின் உழைப்பு ஒரே தட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. பாடலின் கருப்பொருளை இதைவிடத் தெளிவாக எச்சொல்லும் கூறவில்லை.

இந்நோக்கில் டாம் வில்சனையே இப்பாடலின் முதல் தேர்ந்த திறனாய்வாளர் எனலாம். இருளைப் பாடும் பாடலுக்குள் நகரம் இருப்பதை அவர் கேட்டார். தம் கருத்தை எழுதாமல் கருவிகளால் பதிவு செய்தார். இவ்வாறு கூறுவதால் அவர் செயலை நாம் முழுமையாக நியாயப்படுத்தவில்லை. படைத்தவரைக் கேளாமல் படைப்பை மாற்றுவது, அம்மாற்றம் சிறந்ததாக அமைந்தாலும், உரிமை மீறலே. வில்சனின் செவியைப் போற்றும் திறனாய்வு, சைமனின் அதிர்ச்சியையும் ஏட்டில் குறிக்கக் கடமைப்பட்டது.

இனிமை என்னும் குறை

ஓசையைக் கணக்கில் கொண்டால் பாடல் குறையற்றதாகிவிடும் என்பது நம் கருத்தன்று. தாளில் தோன்றும் குறை தணிகிறது; வேறொரு குறை தலைதூக்குகிறது.

1967ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘தி கிராஜுவேட்’ திரைப்படத்தில் இயக்குநர் மைக் நிக்கோல்ஸ் இப்பாடலை மூன்று இடங்களில் பயன்படுத்தினார். இறுதிக் காட்சியில், திருமணக் கூடத்திலிருந்து தப்பிவந்த இளைஞனும் பெண்ணும் பேருந்தின் பின் இருக்கையில் அமர்கின்றனர். அவர்கள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைகிறது. அருகருகே இருந்தும் பேச்சின்றி முன்னோக்கி வெறிக்கின்றனர். பாடல் ஒலிக்கிறது. இங்கே குற்றஞ்சாட்டும் சுட்டுவிரல் கூட்டத்தை நோக்கி நீளவில்லை. விடுதலை பெற்றுவிட்டதாக நினைக்கும் அவ்விருவரை நோக்கியே திரும்புகிறது. பாடலில் இல்லாத தன்னாய்வைத் திரைப்படம் அதற்கு வழங்கியது எனலாம்.

இதற்கு நேர்மாறான காட்சி 1981ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நிகழ்ந்தது. ஐந்து இலட்சம் பேர் எனக் கணக்கிடப்பட்ட பெருந்திரள் முன் இருவரும் பாடினர். பேசாமல் பேசும் பல்லாயிரவரைப் பற்றிய அடி வந்ததும் கூட்டத்தினர் ஆரவாரம் செய்தனர். அவ்வாரவாரம் ஒலிப்பதிவில் இன்றும் கேட்கிறது. தங்களைக் குறைகூறும் அடியைத் தங்களுக்கான வாழ்த்தாக அவர்கள் கேட்டனர். அதற்குக் காரணம் அவர்களின் அறியாமை அன்று. பாடல் அத்துணை இனிமையாக இருந்தது. இணைக்குரலின் அழகு, கேட்பவன் ஒவ்வொருவனையும் விழித்திருக்கும் அந்த ஒருவனாக உணரச் செய்கிறது. உறங்குவோர் எப்போதும் பிறரே.

இப்பாடலின் உண்மையான குறை இதுவே என்பது நம் துணிபு. அதன் சொற்கள் மாணவக் கவிதையாக இருப்பது சிறு குற்றம். அதன் இனிமை, கேட்பவனைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடுவது பெருங்குற்றம். இதனைச் சொற்களை மட்டும் படித்த திறனாய்வு காணவில்லை. காண இயலவும் இல்லை.

எனினும் அவ்வினிமைக்கு வேறொரு பயனும் உண்டு. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், நியூயார்க் உலக வணிக மையத் தாக்குதலின் பத்தாம் ஆண்டு நினைவேந்தலில் சைமன் தனித்துக் கித்தாருடன் இப்பாடலைப் பாடினார். இணைக்குரல் இல்லை, டிரம்ஸ் இல்லை, ஆரவாரமும் இல்லை. கூட்டத்தைச் சாடும் சொற்கள் அங்கே எவரையும் சாடவில்லை. பேசமுடியாத துயரின்முன் நிற்போருக்கு மௌனம் என்னும் ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. 2015இல் ‘டிஸ்டர்ப்ட்’ என்னும் கடின ராக் குழுவினர் பியானோவும் பெருவாத்தியக் குழுவும் துணையாக இதனைப் பாடியபோது, அதே சொற்கள் சினமாக ஒலித்தன. அவ்வடிவத்தைச் சைமனும் பாராட்டினார். 1965இல் தம்மைக் கேளாமல் செய்த மாற்றத்தால் அதிர்ந்தவர், அரை நூற்றாண்டுக்குப் பின் மற்றொரு மாற்றத்தை மனமுவந்து வரவேற்றது எண்ணத்தக்கது.

முடிவுரை

சொல்லையே பாடலாகக் கொள்ளும் பழக்கம் அமெரிக்கத் திறனாய்வாளர்களுக்கு மட்டும் உரியதன்று. நமக்கும் அப்பழக்கம் உண்டு. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பரிபாடலை நாம் அறிவோம். அப்பாடல்களின் அடிக்குறிப்புகள் பாடிய புலவரின் பெயரைக் கூறுவதோடு நில்லாமல், அதற்கு இசை வகுத்தவரின் பெயரையும் பண்ணின் பெயரையும் தனித்தனியே கூறுகின்றன. சொல்லை ஆக்கியவர் ஒருவர், இசையை அமைத்தவர் மற்றொருவர் என்பதையும், இருவரும் பெயர் சுட்டத் தக்கவர் என்பதையும் நம் முன்னோர் தெளிந்திருந்தனர். காலப்போக்கில் அவ்விசை நம் கைக்கு வந்து சேரவில்லை. சொல் மட்டும் வந்து சேர்ந்தது. ஆகவே பரிபாடலைச் சொல்லாக மட்டும் படிக்கிறோம். அது நமக்கு நேர்ந்த இழப்பு.

இழப்பினால் வந்த பழக்கத்தை முறையியலாக்கிக்கொள்வது தவறு. இன்று நம் மாணவர்கள் திரைப்பாடல்களையும் மெல்லிசைப் பாடல்களையும் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்போது, பாடல் புத்தகத்தைப் பார்த்து உவமைகளையும் உருவகங்களையும் எண்ணி வகைப்படுத்துவதோடு நின்றுவிடுவதைக் காண்கிறோம். இசை அமைத்தவர் பெயர் முன்னுரையில் ஒருமுறை வந்து மறைகிறது. கருவி இசைத்தோர் பெயர் அதற்கும் வருவதில்லை. பரிபாடலின் ஏடெழுதியோர் காட்டிய கவனத்தைக்கூட, ஒலிப்பதிவு கையில் இருக்கும் நாம் காட்டுவதில்லை.

‘மௌனத்தின் ஓசை’ இசைத்தட்டின் வரலாறு இவ்விடத்தில் நமக்குப் பயன்படும். ஒரு பாடலை மதிப்பிட முற்படுவோர், எப்பதிவைக் கேட்டு மதிப்பிடுகிறோம் என்பதை முதலில் கூற வேண்டும். அப்பதிவில் யார் யாருடைய கை பட்டுள்ளது, அவர்கள் தம்முள் கலந்து பேசினரா என்பதை அறிய முயல வேண்டும். ஓசை, சொல்லை எவ்விடத்தில் தாங்குகிறது, எவ்விடத்தில் மறுக்கிறது, எவ்விடத்தில் மழுங்கச் செய்கிறது என்பதைக் கேட்டு எழுத வேண்டும். இவற்றைச் செய்தபின் பாடலைப் போற்றினாலும் தூற்றினாலும் அத்தீர்ப்பு அப்பாடலைப் பற்றியதாக இருக்கும். இவற்றைச் செய்யாத தீர்ப்பு, 156 என்றாலும் 42 என்றாலும், ஒரு தாளைப் பற்றியதே ஆகும்.

கேட்காமலே செவி திறந்திருப்போரைப் பற்றி இப்பாடல் குறைகூறியது. அதனைத் திறனாய்ந்தோர் பலரும் அக்குறைக்கு ஆளாயினர். நாம் ஆளாகாதிருப்பது நம் கையில் உள்ளது.